‘சாமிக்கல்லா?’ என்று மட்டும் கேட்டேன்

லூனாஸ் பக்கம் சாலை அகலப்படுத்தும் இடத்தில், மண்வாரி இயந்திரத்தின் முன்னால் ஒரு பெண் வந்து படுத்துவிட்டார் என்று போன் வந்தது. அமைச்சின் சாலைப் பிரிவில் நான் அப்போது சர்வே டெக்னீசியன். பெயரைக் கேட்டதும் ஆள் யாரென்று தெரிந்துவிட்டது. அங்கே ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டிப் பால் எடுக்கும் அஞ்சலை அக்கா.

மூன்று மாதத்துக்கு முன் நான்தான் அந்தத் தோட்டத்து ஓரத்தைக் கணக்கெடுத்தேன். சாலை போகும் வழியில் இருப்பதையெல்லாம் பாரத்தில் எழுத வேண்டும்: வீடு, கடை, கோயில், சமாதி, இல்லையென்றால் ‘லாயின்-லாயின்’, அதாவது இதர வகை. ரப்பர் மரங்களுக்கு நடுவே முழங்கால் உயரத்தில் ஒரு கல் நின்றது. சாமிக்கல்லா என்று அக்காவிடம் கேட்டேன்.

“சாமியெல்லாம் இல்ல தம்பி” என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அடுத்த கேள்வி நாக்கு நுனிவரை வந்தது. காலங்காத்தாலே, பொட்டு வைத்து நிற்கும் பெண்ணிடம் சமாதியா என்று எப்படிக் கேட்பது? இதர வகையில் ‘கல் ஒன்று’ என்று எழுதினேன். சாலையோர மதகிலிருந்து தூரம் அளந்து குறித்துக்கொண்டு கிளம்பிவிட்டேன். பெரிய நாகரிகம் தெரிந்தவன் நான்.

போன் வந்த அன்று நான் போய்ச் சேர்ந்தபோது மரங்கள் இல்லை. கல் லாரியில் கிடந்தது. அதை இறக்கிக் கொடுத்துவிட்டால் பிரச்சினை முடிந்தது என்றார் காண்ட்ராக்டர்.

அக்கா எழுந்து உட்கார்ந்தார். “கல்ல வெச்சி நா என்னா செய்ய? எம்புள்ள எங்க தம்பி? ஏழு மாசத்துப் புள்ள.”

பச்சைக் குழந்தையை எரிக்க மாட்டார்கள், புதைப்பார்கள். தோட்டத்தில் பிறந்து வளர்ந்த எனக்கு இது தெரியாதா?

பீல்டு புக்கைப் பிரித்து, மதகிலிருந்து டேப் பிடித்து இடத்தைக் கண்டுபிடித்தேன். மேல்மண்தான் போயிருந்தது. மண்வெட்டியால் மெல்லச் சுரண்டினோம். ஒரு கருவளையல் வந்தது. அதில் என் இரண்டு விரல்தான் நுழையும். இயந்திரம் ஓட்டியவர் சாவியை எடுத்துக்கொண்டு இறங்கிப் போய்விட்டார். நான் அழுதேன்.

அக்கா வளையலை வாங்கி முந்தானையில் துடைத்தார். “அன்னிக்கே கேட்டிருந்தா சொல்லியிருப்பேனே” என்றார். திட்டியிருந்தால் தேவலை.

புதிதாக சர்வேக்கு வருகிறவர்களுக்குச் சொல்கிறேன். அதற்குப் பிறகு, ஓய்வு பெறும்வரை, எந்த வாசலிலும் நான் முதலில் கேட்டது இதைத்தான்: “இங்க யாரையாச்சும் பொதச்சிருக்கீங்களா?” அபசகுனம் என்று முகம் சுளித்தவர்கள் உண்டு. பாலிங் ஊரில் ஒருத்தர் செருப்பைக் கழற்றினார். பதில் வரும்வரை நின்றேன்.