ஒன்ராறியோவுக்கு வராத வைன்

இணையத்தில் வைன் வாங்கப் போனேன். வாங்க முடியவில்லை. இந்த வாரப் பத்தி இவ்வளவுதான்... பஸ்ஸுக்கு அவசரப்படுபவர்கள் இத்துடன் நிறுத்திக்கொள்ளலாம்.

மற்றவர்களுக்கு விபரமாகச் சொல்கிறேன்.

மார்கழி பிறக்குமுன் ஒரு சனிக்கிழமை. ஒன்ராறியோ மாகாணத்தில், ரொறன்ரோவின் ஸ்காபரோப் பக்கத்து மில்லிக்கனில், எங்கள் வீட்டு பேஸ்மென்றில், போன வருடம் வாங்கிய கொம்பியூட்டருக்கு முன்னால் உட்கார்ந்திருந்தேன். மோடம் கரகரத்து, கீச்சிட்டு, ஒருவழியாக இணைந்தது. பிரிட்டிஷ் கொலம்பியாவில் ஓர் ஏரிக்கரையில் இருக்கும் சின்னஞ்சிறிய வைன் தோட்டம் ஒன்றின் வெப் பேஜ் மேலிருந்து கீழாக விரியத் தொடங்கியது. முதலில் வானம் வந்தது. பிறகு மலை. திராட்சைக் கொடிகள் வருவதற்குள் நான் மேலே போய்த் தேத்தண்ணி போட்டுக்கொண்டு திரும்பிவிட்டேன்.

வேண்டிய போத்தலைத் தெரிவு செய்தேன். பெயர், விலாசம், தபால் குறியீடு - நிரப்பிவிட்டு மறுபடி வாசித்துச் சரிபார்த்தேன். இது என் பழக்கம். மனைவி இதற்கு வேறு பெயர் வைத்திருக்கிறார். கடைசியாக மாகாணம். ஒரு சிறிய அம்புக்குறியை அழுத்தினால் மாகாணங்களின் பெயர்கள் வரும், நம்முடையதைத் தொட வேண்டும். அழுத்தினேன். பிரிட்டிஷ் கொலம்பியா என்று ஒரு பெயர் வந்தது. அதற்குக் கீழே, ‘கனடாவுக்கு வெளியே’ என்று ஒரு வரி. வேறொன்றும் இல்லை.

அப்படியானால் நான் எங்கே இருக்கிறேன்?

இணையத்தை வெட்டினால்தான் எங்கள் வீட்டில் ரெலிபோன் வேலை செய்யும். வெட்டிவிட்டுக் குகனை அழைத்தேன்.

குகன் என் மனைவியின் தம்பி. வந்த புதிதில் பிரிட்டிஷ் கொலம்பியாவின் வன்கூவரில் இறங்கியவன். எல்லாரும் ரொறன்ரோவுக்குப் பஸ் ஏற, இவன் மட்டும் தோட்டங்களில் பழம் பிடுங்கும் வேலைக்குப் போனான். நான் வெப் பேஜில் பார்த்த அந்தத் தோட்டத்தில், ஹான்ஸ் என்ற அதன் சொந்தக்காரக் கிழவரிடம், அப்படியே நின்றுவிட்டான். கொடி வெட்டப் பழகினான், பிறகு நிலவறையில் பீப்பாய் கழுவினான், பிறகு வைன் செய்யவும் பழகினான். ஹான்ஸ் தன் திராட்சையில் பெரும்பகுதியை ஒரு பெரிய கொம்பனிக்கு விற்றுவிடுவார். மீதியில்தான் வைன். முந்தின வருடம் அந்த மீதி முழுவதையும் குகனிடம் விட்டு, “நீ செய்” என்றிருக்கிறார்.

குகன் செய்தான். முதன்முதலாக, தானே தீர்மானித்து, தானே ருசி பார்த்து. போன கோடையில் போத்தலில் அடைத்தார்கள்.

கிழவர் ஒரு நிபந்தனையும் வைத்திருந்தார். அடுத்த கொடிவெட்டுக் காலத்துக்குள், அதாவது பனி முடிவதற்குள், அந்த வைன் விலைப்பட வேண்டும். விலைப்பட்டால் வருகிற இலையுதிர்காலத்துத் திராட்சையும் குகனுக்கு. இல்லாவிட்டால் ஒரு பழம் மிச்சமில்லாமல் கொம்பனிக்குப் போகும், நிலவறைக்குப் பூட்டு விழும்.

குகன் பயப்படவில்லை. “எங்கட சனம் முழுக்க ரொறன்ரோவிலைதானே” என்று கிழவரிடம் சொல்லியிருந்தான்.

“குகன், உந்த வெப் பேஜிலை ஒன்ராறியோவைக் காணேல்லை” என்றேன்.

“ஓம் அத்தான். போடேலாதாம்.”

“ஆர் சொன்னது?”

“சட்டம். ஒரு மாகாணத்திலையிருந்து மற்ற மாகாணத்துக்கு வைன் அனுப்பக்கூடாதாம். வெப் பேஜ் செய்த பெடியன் சொல்லித்தான் எனக்கே தெரியும். ஹான்ஸ் இவ்வளவு காலமும் வாசல்லை வைச்சு வித்த மனுசன். அவருக்கும் வடிவாத் தெரியாது.”

“கனடாவுக்கு வெளியை எண்டு கிடக்குது?”

“அது ஏலும். ஜெர்மனிக்கு அனுப்பலாம். யப்பானுக்கு அனுப்பலாம். உங்களுக்குத்தான் ஏலாது.”

தூர அழைப்பு, நிமிடத்துக்குக் காசு... வைத்துவிட்டேன்.

விசாரித்துப் பார்த்தேன். அவன் சொன்னது சரி. என் வயதைவிடப் பழைய சட்டம். அரசாங்க மதுக்கடை ஒன்றுக்குப் போய்க் கேட்டேன். அங்கிருந்த பெண் மிகவும் தன்மையாகப் பதில் சொன்னார். வழி இருக்கிறதாம். அதுதான் இன்னும் கொடுமை. மனு போட வேண்டும், பெட்டிக் கணக்கில் எடுக்க வேண்டும், மாதிரிப் போத்தல் சோதனைச்சாலைக்குப் போய்வர வேண்டும், வரி, கட்டணம். “எப்போது கைக்கு வரும்?” என்று கேட்டேன். கோடைக்குள் வந்துவிடும் என்றார், ஆறுதலாக. கோடைக்குள் ஹான்ஸின் கொடிகள் அடுத்த காய் பிடித்துவிடும்.

இணையம் வந்துவிட்டது, இனி உலகமே வீட்டு வாசலில் என்று எழுதுகிறார்கள். நானும் இந்த இடத்திலேயே எழுதியிருக்கிறேன். வாசல்வரை வந்தது படம் மட்டும்தான். சாமான் வழக்கம்போல யாரோ ஒருவருடைய மேசையில் நிற்கிறது.

அடுத்த வாரம் செல்வத்தைப் பார்த்தேன். செல்வம் ஸ்காபரோவில் கலியாணங்களுக்குச் சமைத்துக் கொடுப்பவர். அவர் மனம் வைத்தால் குகனின் வைன் முழுவதும் ஒரு கலியாண சீசனில் தீர்ந்துவிடும். ஆனால் எங்கள் ஆண்களுக்கு வைன் என்றால் பெரிய மதிப்பில்லை. விஸ்கி வாங்கக் காசில்லாதவன் குடிப்பது, அல்லது டொக்டர் சொல்லிக் குடிப்பது.

“வைனோ? அது பெண்டுகள் கேக்குக்குள்ளை விடுறதெல்லோ அண்ணை” என்றார் செல்வம்.

“எங்கட பெடியன் செய்தது, செல்வம்.”

“அது சரி. குடிச்சுப் பாக்காமல் என்னெண்டு நான் சனத்துக்குக் குடுக்கிறது? நாளைக்கு மாப்பிள்ளையின்ரை தேப்பன் என்ரை கழுத்தைப் பிடிப்பான். ஒரு போத்தல் எடுப்பியுங்கோ. நல்லாயிருந்தால் நான் பொறுப்பு.” பிறகு, நான் ஒரு சின்ன விஷயத்தைப் பெரிதாக்குகிறேன் என்பதுபோலப் பார்த்தார். “ஏன் இன்ரநெற்? அங்கையிருந்து ஆரும் வருகினமோ எண்டு பாருங்கோவன்.”

எங்கள் சனத்தின் உண்மையான தபால் சேவை அதுதான். கொழும்பிலிருந்து தூள், லண்டனிலிருந்து சேலை, பாரிஸிலிருந்து தாலிக்கொடி... எல்லாம் யாரோ ஒருவருடைய சூட்கேசின் மூலையில் வந்து சேர்ந்தவைதான். ‘ஆரும் வருகினமோ?’ என்பதை விடப் பெரிய வெப் பேஜ் ஏது?

வந்தார். பூமணி அன்ரி, வன்கூவரிலிருந்து, மகளின் பிள்ளைப்பேற்றுக்கு. குகன் ஒரு போத்தலைத் துவாயில் சுற்றிக் கொடுத்தனுப்பியிருந்தான். நான் போய் எடுத்தேன். சட்டத்தை மீறிய ஒன்றை என் வாழ்க்கையில் கையில் வாங்குவது அதுவே முதல் தடவை.

“அன்ரி, இது என்னெண்டு...” என்று தொடங்கினேன்.

“தம்பி, அவன் சொல்லேல்லை. நான் கேக்கேல்லை. நீரும் சொல்லாதையும்” என்றார் அன்ரி. “குலுக்கிப் பாத்தனான். நல்லெண்ணெய் எண்டு நினைச்சுக்கொண்டு வந்தனான்.”

வீட்டுக்குக் கொண்டுவந்தேன். மனைவி வாசலிலேயே மறித்தார்.

“இஞ்சருங்கோ, நாளைக்குத் திருவெம்பாவை. முடியுமட்டும் உது வீட்டுக்குள்ளை வரக்கூடாது.”

“உம்மடை தம்பி செய்தது.”

“ஆர் செய்தாலும்.”

“பேஸ்மென்றிலை ஒரு மூலையிலை...”

“பேஸ்மென்ற் என்ன பக்கத்து வீடோ?”

போத்தலைக் காரின் பின்பக்க ட்ரங்கில் வைத்தேன். செல்வத்தையும் இன்னும் இரண்டு நண்பர்களையும் திருவெம்பாவை முடிந்த மறுநாள் வரச் சொன்னேன்.

வைனைப் பாதுகாப்பது பற்றி நூலகத்தில் ஒரு புத்தகம் எடுத்து வாசித்திருந்தேன். போத்தலைப் படுக்க வைக்க வேண்டும் - படுக்க வைத்தேன். வெளிச்சம் படக்கூடாது - ட்ரங்கில் ஏது வெளிச்சம்? குலுங்கக்கூடாது - வளைவுகளில் நான் ஊர்ந்த வேகத்தைப் பார்த்துப் பின்னால் வந்தவர்கள் ஹோர்ன் அடித்தார்கள். சூடு படக்கூடாது என்று அந்தப் புத்தகத்தில் ஒரு முழு அத்தியாயமே இருந்தது. விடியற்காலைப் பூசைக்கு மனைவியைப் பத்து நாளும் கோயிலுக்குக் கூட்டிப்போனேன். பத்து நாளும் குகனின் வைனும் கோயிலுக்குப் போய் வந்தது. மனைவிக்குத் தெரியாது. இந்தப் பத்தியை வாசித்தால்தான் தெரியும்.

குளிரைப் பற்றி அந்தப் புத்தகம் ஒன்றும் சொல்லவில்லை. அதை எழுதியவர் ஸ்காபரோவில் கார் நிறுத்தியவராக இருக்க முடியாது.

திருவெம்பாவை முடிந்த மறுநாள் மாலை நண்பர்கள் மூவரும் கராஜில் கதிரை போட்டு உட்கார்ந்திருந்தார்கள். ஹீற்றர் ஓடியது. மனைவி கடலை வடை சுட்டு அனுப்பியிருந்தார். நான் ட்ரங்கைத் திறந்தேன். தக்கை போத்தலின் வாயில் இல்லை, தனியாக ஒரு மூலையில் கிடந்தது. துவாய் பலகைபோல விறைத்திருந்தது. போத்தலின் கழுத்திலிருந்து கருஞ்சிவப்பாக ஐஸ் ஒரு விரல் நீளத்துக்கு வெளியே தள்ளிக்கொண்டு நின்றது.

செல்வம் எழுந்து வந்து எட்டிப் பார்த்தார்.

“குச்சி குத்தாமல் விட்டிட்டியள் அண்ணை. ஐஸ்பழமா வித்திருக்கலாம்.”

சிரித்தார்கள். நானும் சிரிக்க முயன்றேன். மீதி இருந்ததை உருக வைத்து, தம்ளர்களில் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக் குடித்துப் பார்த்தோம். புளிப்பாக ஏதோ இருந்தது. அது குகனின் வேலையா குளிரின் வேலையா என்று சொல்ல எங்கள் நால்வரில் ஒருவருக்கும் தெரியாது.

ஆனால் செல்வம் தம்ளரைக் கீழே வைத்துவிட்டு ஒன்று சொன்னார். “சரி அண்ணை. நான் எடுக்கிறன். ருசியை விடுங்கோ. எங்கட பெடியன் அந்த மலைக்குள்ளை போய் நிண்டு இதைச் செய்திருக்கிறான். சித்திரைக்குப் பிறகு என்னட்டைக் கனக்கக் கலியாணம் கிடக்கு. முழுக்க எடுக்கிறன்.”

வாங்க ஆள் கிடைத்துவிட்டது. எப்படிக் கொண்டுவருவது?

“என்ரை மச்சான் பெரிய லொறி ஓடுறவன். அந்தப் பக்கம் போய் வாறவன்” என்றார் செல்வம். “மரச் சாமானுக்குப் பின்னாலை அடுக்கினால் ஆர் பாக்கப்போறான்?”

அந்த ஒரு நிமிடம் எனக்கும் ஆசை வந்தது. இருந்த இடத்திலேயே குகனுக்கு ரெலிபோன் எடுத்தேன். முதலில் போத்தல் உறைந்துபோனதைச் சொன்னேன்.

“அப்ப குடிக்கேல்லையோ?”

“கொஞ்சம் உருக்கிக் குடிச்சனாங்கள்.”

“அதைக் கணக்கிலை எடாதேங்கோ அத்தான். அது என்ரை வைன் இல்லை.” குரல் சற்று இறங்கியிருந்தது. “அதை வைச்சு ஒருதருக்கும் ஒண்டும் சொல்லாதேங்கோ.”

செல்வம் முழுவதையும் எடுப்பதாகச் சொன்னதைச் சொன்னேன். பிறகு லொறி விஷயத்தைச் சொன்னேன்.

“வேண்டாம் அத்தான்.”

“ஏன், ஹான்ஸ் ஏசுவாரோ?”

“ஹான்ஸில்லை. எனக்கு கனடா சிற்றிசனுக்கு மனுப் போட்டுக்கிடக்கு. இப்ப ஒரு கேஸிலை மாட்டினால் எல்லாம் போச்சு. எவ்வளவு காலம் காத்திருந்தனான் எண்டு உங்களுக்குத் தெரியும்தானே.”

தெரியும். ஆசைப்பட்டதற்காக வெட்கப்பட்டேன். செல்வத்திடம் வேண்டாம் என்று தலையாட்டினேன். அவர் வடையை எடுத்துக் கடித்தார்.

அதற்குப் பிறகு நான் செய்யக்கூடியதையெல்லாம் செய்தேன். எங்கள் பாராளுமன்ற உறுப்பினரின் அலுவலகத்துக்கு எழுதினேன். நன்றி தெரிவித்து அழகான பதில் வந்தது. மதுக்கடை மனுவையும் பிழையில்லாமல் நிரப்பி அனுப்பினேன். அது கிடைத்தது என்று ஒரு கடிதம் வந்தது. யாரும் என்னிடம் கோபமாகப் பேசவில்லை, யாரும் இல்லை என்றும் சொல்லவில்லை. சத்தம் போட்டுச் சண்டை பிடிக்க ஒரு ஆளாவது இருந்திருக்கலாம். இந்த நாட்டில் ஒரு காரியம் செத்துப்போவது இப்படித்தான்... ஒவ்வொரு மேசையிலும் ஒருவர் புன்னகைத்துக்கொண்டிருப்பார்.

நேற்று முன்தினம் குகன் ரெலிபோன் எடுத்தான்.

“கிழவர் கையெழுத்து வைச்சிட்டார் அத்தான். திராட்சை முழுக்கக் கொம்பனிக்கு.”

“இன்னும் பனி முடியேல்லையே?”

“அவருக்கும் வயது போட்டுது. கொம்பனிக்காரர் தாளோடை வந்து நிக்கினம். அந்தாளை நான் பிழை சொல்லமாட்டன். கனநேரம் நிலவறைக்குள்ளை வந்து என்னோடை இருந்தவர்.”

“செய்த வைன்?”

“வாசல்லை வைச்சு மலிவா விக்கினம்.”

பிறகு அவனே கேட்டான்.

“அத்தான், உங்கடை பேஸ்மென்ற் சும்மாதானே கிடக்கு?”

செல்வத்திடம் சொன்னேன். வைன் வாங்குவதற்கு ஒத்துக்கொண்ட அதே வேகத்தில், “வரச்சொல்லுங்கோ அண்ணை, எனக்குக் கிச்சினுக்கு ஆள் வேணும். பெரிய கிடாரங்கள் கழுவ இந்தக் காலத்திலை ஒருதரும் வருகினமில்லை” என்றார். நல்ல மனிதர். மனமாரச் சொன்னார்.

மனைவிக்குச் சந்தோஷம். இத்தனை வருடங்களுக்குப் பிறகு தம்பி பக்கத்தில் இருக்கப்போகிறான். பேஸ்மென்றுக்குப் புதிய போர்வை வாங்கியிருக்கிறார், இன்று இறால் வாங்கி வந்து வைத்திருக்கிறார். அவருடைய முகத்தைப் பார்த்துக்கொண்டே நான் இதை எழுதுகிறேன். எனக்கும் சந்தோஷமாக இருக்க வேண்டும் என்று தெரிகிறது.

குகன் வரும் சனிக்கிழமை வந்து இறங்குகிறான். வைனைச் செய்தவனை ஒன்ராறியோவுக்குக் கொண்டுவர யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியிருக்கவில்லை.