நூற்று முப்பத்திரண்டாவது குரல்

இதைச் சொன்னால் என்னோடு வேலை பார்ப்பவர்களே சிரிப்பார்கள். "தூக்கம் கெட்ட மண்டைக்குள்ள எதுதான் கேக்காது?" என்பார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும். போன நவம்பர் பதினான்காம் தேதி, மாலை 5.20 முதல் 7.45 வரை நான்காம் அறைக்குள் பூட்டப்பட்டுக் கிடந்தவன் நான். அவர்கள் இல்லை.

என் பெயர் நெஸ்டர். மணிலாவுக்கு வெளியே ஒரு சிறையில் காவலர். முப்பது பேருக்குக் கட்டிய நான்காம் அறையில் நூற்று முப்பத்தொரு பேர் இருந்தார்கள். அவர்களுக்கு நாங்கள் இரண்டே பேர். மாற்று ஆள் வராவிட்டால் வீட்டுக்கு விட மாட்டார்கள். அன்று எனக்குத் தொடர்ந்து நான்காவது நாள். கைதிக்காவது விடுதலைத் தேதி என்று ஒன்று உண்டு. எனக்குக் கோபம் வருவதுகூட நின்றுபோயிருந்தது. சோறு வைத்தால் தின்பேன். எவனாவது அழுதால் பார்த்துக்கொண்டு நிற்பேன். அவ்வளவுதான்.

ஆனால் அன்று எனக்குப் போயே ஆக வேண்டும். என் மனைவி ரோவெனா வீட்டு வேலைக்குக் குவைத் கிளம்புகிறாள். இரண்டு வருட ஒப்பந்தம். வழியனுப்ப எங்கள் பாப்பாவையும் மாமியார் கூட்டிப் போகிறார். எட்டு மணிக்குள் விமான நிலையத்துக்குள் போய்விடுவாள். நெரிசலில் இரண்டு மணி நேரப் பயணம். ஆறு மணிக்கு விட்டால் முகத்தைப் பார்த்துவிடலாம்.

வேலை முடியுமுன் கைதிகளை எண்ண வேண்டும். ஒருவர் உள்ளே போவார், இன்னொருவர் வெளியிலிருந்து பூட்டுவார். கணக்கு சரியானால்தான் கதவு திறக்கும். பிறகு போகிறவர் "ஒப்படைக்கிறேன்" என்பார். வருகிறவர் "ஏத்துக்கிட்டேன்" என்பார். அந்தச் சொல் விழாதவரை யாருக்கும் வேலை முடிந்ததாக அர்த்தமில்லை. பிரம்மனே வந்தாலும் இது மாறாது.

5.20. நான் உள்ளே போனேன். கைபேசியை மேசையில் வைத்துவிட்டேன், அதுவும் விதிதான். என்னோடு வேலையிலிருந்த இன்னொரு காவலர் அபுண் அண்ணன் வெளியே பூட்டினார். கைதிகள் வரிசையாகக் குந்தி, ஒவ்வொருவராகத் தன் எண்ணைக் கத்தினார்கள்.

நூற்று முப்பது. நூற்று முப்பத்தொன்று.

"நூற்று முப்பத்திரண்டு."

எவனோ விளையாடுகிறான் என்று நினைத்தேன். தலைகளை நானே எண்ணினேன். நூற்று முப்பத்தொன்றுதான்.

5.50. மறுபடி எண்ணினோம். குரலில் நூற்று முப்பத்திரண்டு. தலையில் நூற்று முப்பத்தொன்று.

6.25. பெயர் பெயராகக் கூப்பிட்டு எண்ண வைத்தேன். பட்டியல் முடிந்த பிறகும் தண்ணீர்த் தொட்டிப் பக்கமிருந்து அதே குரல் வந்தது. கத்தவில்லை. அலுத்துப்போய், கொட்டாவிக்கு நடுவே சொல்வது போல இருந்தது.

"அண்ணே, நூத்தி முப்பத்தொண்ணுன்னு எழுதித் திறங்க."

"எனக்கே காதுல விழுந்துச்சேடா. ஆள் கூட இருந்தா வெளியாள் எவனோ உள்ள இருக்கான்னு அர்த்தம். திறந்தா என் வேலை போயிரும்."

"குரல்தாண்ணே கூட. ஆள் இல்ல."

"ஆள் இல்லாம குரல் எப்படிடா வரும்?"

ரோவெனா இந்நேரம் விமான நிலைய வாசலில் நின்று எனக்கு போன் அடித்துக்கொண்டிருப்பாள். மேசையில் அது அதிர்கிற சத்தம் கேட்டது. பத்தடி தூரம். நடுவில் கம்பி.

7.05. அப்போதுதான் ஒன்றைக் கவனித்தேன். கடைசி வரிசைக்காரர்கள் முன்னால் நகர்ந்து உட்கார்ந்திருந்தார்கள். கால் வைக்க இடமில்லாத அந்த அறையில், தொட்டிக்கருகே ஓர் ஆள் நிற்கும் அளவுக்கு இடம் காலியாகக் கிடந்தது. யாரும் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

7.20. கடைசி ஆள் ஒரு கிழவர். எண்ணைச் சொல்ல மறுத்தார்.

"நான் சொன்னா அவரும் சொல்லுவாரு சார்."

"சொல்லுய்யா!" என்று தடியைத் தூக்கினேன். கிழவர் அழுதுகொண்டே சொன்னார்.

"நூற்று முப்பத்தொன்று..."

"நூற்று முப்பத்திரண்டு."

இந்த முறை தொட்டிப் பக்கம் இல்லை... என் தோளுக்குப் பின்னால்.

கைதிகளில் அறைத் தலைவனான இசகானி, நாங்கள் மேயர் என்று கூப்பிடுகிற முரட்டு ஆள், தலையைத் தூக்காமலே முணுமுணுத்தான்.

"சார்... அவருக்கு டூட்டி மாத்தி விட்டுருங்க. போயிருவாரு."

"எவருக்குடா?"

அவன் முழங்காலுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டான்.

ஈரச் சீருடை நாற்றம் அடித்தது. என் கழுத்தில் காற்றுப் பட்டது... சில்லென்று.

திரும்பவில்லை. திரும்ப முடியவில்லை.

"ஒப்படைக்கிறேன்."

காதுக்குள்.

7.38. எனக்கு வெளியே போனால் போதும்.

"ஏ... ஏத்துக்கிட்டேன்."

காற்று நின்றது.

மறுபடி எண்ணினோம். நூற்று முப்பத்தொன்று. அதோடு அமைதி. 7.45-க்குக் கதவு திறந்தது.

நான் விமான நிலையம் போய்ச் சேர்ந்தபோது மணி 9.50. வாசலில் ரோவெனா இல்லை. வாய்விட்டு அழுதேன். அழுகை வரும் என்பதே எனக்கு மறந்துபோயிருந்தது.

மறுநாள் அபுண் அண்ணனைப் பிடித்து உலுக்கினேன். அவர் பழைய பதிவேட்டைப் பிரித்துக் காட்டினார். ரெஸ்டி என்ற காவலர். இரண்டு வருடத்துக்கு முன், ஒன்பது நாள் தொடர் வேலைக்குப் பிறகு, நான்காம் அறையில் எண்ணிக்கொண்டிருக்கும்போதே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு தொட்டிக்குள் விழுந்து செத்தவர். அவர் பெயருக்கு நேரே 'பொறுப்பு ஏற்றவர்' என்ற கட்டம் காலியாக இருந்தது.

"இதை முன்னாடியே சொல்லியிருக்கக் கூடாதாண்ணே?"

"சொன்னா எவன்டா உள்ள போவான்?"

நான் ஏற்றுக்கொண்டது எந்த வேலை என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அதன்பின் மாற்றல் கேட்டு மூன்று முறை மனு போட்டேன். மூன்றும் திரும்பி வந்துவிட்டன.

இது இதோடு முடிந்திருந்தால் நானும் தூக்கக் கலக்கம் என்று விட்டிருப்பேன். ஐந்தாம் நாள் ரோவெனா குவைத்திலிருந்து கூப்பிட்டாள். குரலில் கோபம்.

"ஏங்க, அன்னைக்கு அவ்வளவு தூரம் வந்துட்டு ஏன் ஒரு வார்த்தை பேசல?"

"எப்போ வந்தேன்?"

"விளையாடாதீங்க. ஏழு நாப்பதுக்கு, வாசல்ல. தொப்பி, முகக்கவசம், யூனிஃபார்மெல்லாம் ஈரம். என் கையைப் பிடிச்சுக்கிட்டு அழுதீங்களே. கை ஐஸா இருந்துச்சு. பாப்பாகூட உங்க கிட்ட வர மாட்டேன்னு கத்துனா."

அவளே தொடர்ந்தாள்.

"போகும்போது என்னை லிகாயான்னு கூப்பிட்டீங்க. யாருங்க அவ?"

அந்தப் பெயரை நான் கேள்விப்பட்டதே இல்லை. அபுண் அண்ணனிடம் போய்க் கேட்டேன். அவர் கையிலிருந்த காப்பியைக் கீழே வைத்தார்.

"ரெஸ்டியோட சம்சாரம்டா. அவன் செத்த அன்னைக்குத்தான் அவ வெளிநாட்டுக்குப் பிளேன் ஏறுனா. வழியனுப்ப லீவு கேட்டான்... நாங்க விடல."