நாற்பத்தேழாம் நாள் ஸ்கேன்

முடிச்சூரில் எனக்கு மனை விற்ற புண்ணியவான் சுப்பராயலு. "தண்ணி நிக்காது சார், தானா ஓடிடும்" என்று சத்தியம் செய்தார். 2015 வெள்ளத்தில் அது ஓடவில்லை. என் கூடத்தில் நான்கு நாள் விருந்தாளியாகத் தங்கியது.

போன கார்த்திகைக்கு முன், குடியால் அவர் கல்லீரலில் தழும்பு விழுந்திருக்குமோ என்று டாக்டருக்குச் சந்தேகம். ஊசி குத்திச் சதை எடுக்கலாம் என்றதும், பஞ்சாயத்தில் மேஜையைத் தட்டும் மனிதர் வெளிறிப்போனார். சரி, முதலில் எம்ஆர்ஐ எடுப்போம் என்றார் டாக்டர்.

சுப்பராயலு தேதியைத் தள்ளி வாங்கி, சபரிமலைக்கு மாலை போட்டுவிட்டார். கல்லீரலுக்குப் பத்து மாதம் ஓவர்டைம், விரதத்துக்கு மட்டும் லீவு, அதுதான் அவர் வழக்கம்.

"நாப்பத்தெட்டு நாள்ல உள்ள க்ளீனா ஆயிடும் சார். மிஷினுக்கு இன்னா தெரியும்?"

நல்ல ரிப்போர்ட்டை மனைவி கங்கையம்மாளிடம் காட்டிவிட்டு, மலை இறங்கியதும் மறுபடி தொடங்குவதாகத் திட்டம்.

நாற்பத்தேழாம் நாள் மூன்று பேரும் என் காரில்தான் போனோம். ஸ்கேன் எடுக்கும் தீபலட்சுமி மாலையைப் பார்த்தாள்.

"சாமி, இதுல கம்பி, டாலர் எல்லாம் இருக்கு. கழட்டிடுங்க."

"மலைக்குப் போறதுக்கு முன்னாடி கழட்டக்கூடாதும்மா, தோஷம்!"

முப்பது வருஷக் குடியில் வராத தோஷம். கடைசியில் கழற்றினார். திரும்பப் போட குருசாமிதான் வர வேண்டுமாம். மாலை கங்கையம்மாள் கையில் தங்கியது.

"இதுல இன்னாம்மா பாப்பீங்கோ?"

"கல்லீரலுக்குள்ள தண்ணி எவ்ளோ தாராளமா நகருதுன்னு பாப்போம் சாமி. தழும்பு இருந்தா நகர இடமிருக்காது."

ஏரிக் கால்வாயில் மனை போட்டு விற்றவருக்கு அதற்குமேல் விளக்கம் தேவைப்படவில்லை.

சாயங்காலம் டாக்டர் படத்தைப் பார்த்தார். "தழும்பு இருக்குங்க. ரத்த டெஸ்டும் அதையேதான் சொல்லுது."

"நாப்பத்தேழு நாள் தொடவே இல்லியே சார்!"

"முப்பது வருஷத் தழும்பு. அடியோட நிறுத்தினா ஓரளவு ஆறலாம். திரும்பத் தொட்டீங்கன்னா கல்லீரல் சுருங்கிடும், உயிருக்கே ஆபத்து."

"தானா சரியாயிடாதா சார்?"

வெள்ளத்தின்போது மொட்டை மாடியில் நின்றுகொண்டு நாங்கள் அவரிடம் போனில் கேட்ட அதே கேள்வி. பத்து வருஷமாக இப்படியொரு நாளுக்குத்தான் காத்திருந்தேன். வந்ததும் பாவமாகத்தான் இருந்தது.

கங்கையம்மாள் எழுந்தாள். குருசாமியை எல்லாம் தேடவில்லை. மாலையை அவளே அவர் கழுத்தில் போட்டாள்.

"மலைக்குப் போய்ட்டு வா. வந்தும் இத கழட்டாத. கழட்டுனா என் தாலியக் கழட்டுனதா நெனச்சிக்கோ."

சுப்பராயலு முடிச்சூர் வரும்வரை மாலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டே வந்தார்.