கரண்டிகளுக்கு நடுவே கைபேசி

அந்த வேலைக்குப் போகும் நாளில் மட்டும் ரென்ஸ்கே கைபேசியை அணைத்து, சமையலறை இழுப்பறையில் கரண்டிகளுக்கு நடுவே போட்டுவிட்டுப் போவாள். மருந்துப் பெட்டியைச் சைக்கிளில் வைத்துக் கட்டுவாள். வெள்ளைக் கோட்டு கிடையாது. காலர் தேய்ந்த நீலச் சட்டைதான். "அவங்க வீட்டு சோபாவில உக்காரப் போறேன், மைன்டர்ட். ஆஸ்பத்திரி மாதிரி போய் நின்னா நல்லாவா இருக்கும்?" என்பாள்.

என் மனைவி எங்கள் ஃப்ரீஸ்லாந்துப் படகுத்துறை ஊரின் குடும்ப மருத்துவர். நோயாளியே கேட்டு, இன்னொரு மருத்துவரும் தனியாக வந்து பார்த்துச் சரியென்ற பிறகு, அவரவர் கட்டிலிலேயே, சட்டப்படி, மருந்து கொடுத்து உயிரை விடுவிப்பதைத்தான் அந்த வேலை என்கிறேன். வருடத்துக்கு ஒன்றிரண்டு வரும். நான் படகுப் பாய் தைக்கிறவன்.

மற்ற நோயாளிகளுக்குப் பத்து நிமிடம். எனக்கு அதுவும் இல்லை. எங்கள் இருபத்தைந்தாவது கல்யாண நாள் விருந்தில்கூடக் கைபேசி தட்டுக்குப் பக்கத்தில்தான் கிடந்தது. மூன்று முறை எழுந்து போனாள். சாகப்போகிறவன்மேல் பொறாமைப்படுகிறவனும் ஒரு மனுஷனா என்று கேட்பீர்கள். பட்டேன்.

போன நவம்பரில் சீபே. கால்வாய் மதகைத் திறந்து மூடும் வேலையிலிருந்து ஓய்வுபெற்றவர், நுரையீரலில் புற்று. மூன்று வாரம் தினமும் அவர் வீட்டில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்தாள். அவர் சொன்ன ஜோக்கை நினைத்துப் பாத்திரம் கழுவும்போது தனியாகச் சிரித்தாள். எனக்குப் பொறுக்கவில்லை. "நானும் ஒரு தேதி குறிச்சாத்தான் ரெண்டு மணி நேரம் கிடைக்கும்போல" என்றேன். கையிலிருந்த தட்டையே திரும்பத் திரும்பத் துடைத்தாள்.

பதின்மூன்றாம் தேதி புதன்கிழமை அது முடிந்தது. நகராட்சி மருத்துவர் வந்து பார்த்துக் கையெழுத்திடும்வரை அந்த வீட்டுச் சமையலறையில் சீபேயின் மனைவி மின்கேயோடும் மற்றவர்களோடும் காபி குடித்துக் காத்திருந்திருக்கிறாள். எங்கள் பக்கம் காபிக்கு ஒரு பிஸ்கட். எடுத்ததும் டப்பாவை மூடிவிடுவோம். "மின்கே டப்பாவை மூடவே இல்ல" என்றாள். அதோடு சரி. மறுநாள் விடுப்பெடுத்து வீட்டு ஜன்னல்களையெல்லாம் தேய்த்துக் கழுவினாள்.

அதே நாள்தான் என் பிறந்தநாள். நாற்காலிகளை வட்டமாகப் போட்டு உட்கார்ந்திருந்த விருந்தாளிகள், எங்கள் ஊர் வழக்கப்படி அவள் கையையும் குலுக்கி வாழ்த்தினார்கள். கேக்கை வெட்டிக்கொண்டிருந்தவள் கத்தியை வைத்துவிட்டுத் தோட்டத்துக்குப் போய்விட்டாள். செத்தும் சீபே என் கேக்கில் பங்கு கேட்கிறாரே என்று நான் பொருமினேன். குளிர்காலம் முழுக்கப் பொருமினேன்.

நேற்று சீபேயின் மனைவி மின்கே, படகு மூடும் துணியைத் தைக்கக் கொடுக்கப் பட்டறைக்கு வந்தாள்.

"சீபே முதல்ல பதினாலாம் தேதின்னுதான் சொன்னாரு" என்றாள். "டாக்டரம்மா சரின்னு எழுத ஆரம்பிச்சு, பேனாவை நிறுத்திட்டாங்க. இவரு விடுவாரா, என்னன்னு தோண்டித் தோண்டிக் கேட்டாரு. 'என் வீட்டுக்காரர் பிறந்தநாள். பரவாயில்ல, வர்றேன்'னாங்க. 'வேணாம்மா, நான் ஒருநாள் முன்னாடியே கிளம்பறேன். வருஷா வருஷம் கேக்கு வெட்டும்போது என் மூஞ்சி எதுக்கு உங்களுக்கு'ன்னுட்டாரு."

துணியின் கிழிசலை விரலால் நீவினாள்.

"அவரோட இருக்க எனக்கு ஒரு நாள் குறைஞ்சுபோச்சுப்பா. அந்த நாள் உன்கிட்ட இருக்கு. உன்மேல பொறாமைதான், பொய் சொல்ல மாட்டேன். எப்ப தைச்சுக் கொடுப்ப?"

சனிக்கிழமை என்றேன்.

சாயங்காலம் பட்டாணி சூப். ரென்ஸ்கேயின் தட்டுக்குப் பக்கத்தில் கைபேசி வழக்கம்போல முனகிக்கொண்டிருந்தது.

"மின்கே வந்திருந்தா" என்றேன். "தேதி விஷயம் சொன்னா."

ரென்ஸ்கே எழுந்து, கைபேசியை அணைத்து, இழுப்பறையைத் திறந்து கரண்டிகளுக்கு நடுவே போட்டு மூடிவிட்டு, எனக்கு எதிரே வந்து உட்கார்ந்தாள்.