கிட்டங்கிக் கருப்பட்டி

கொட்டாஞ்சேனையிலிருந்து துறைமுகப் பக்கம் இறங்குகிற ஒரு சந்துக்குள் அந்தக் காரீயக் கிட்டங்கி இருந்தது. அதற்குப் பெயர்ப்பலகை கிடையாது. காலையில் தங்கள் சொந்த நிறத்தில் உள்ளே போகிற பெண்கள் மாலையில் ஈயம் பூசிய சட்டிகளைப் போல மினுங்கிக்கொண்டு வெளியே வந்தால், உள்ளே என்ன நடக்கிறதென்று பலகை எழுதி மாட்ட வேண்டியதில்லை. சுரங்கத்திலிருந்து மூட்டை மூட்டையாக வருகிற, பென்சிலுக்குள் வைக்கிற அந்தக் காரீயக் கட்டிகளைச் சாக்குத் துணியால் தேய்த்து மெருகேற்றுவதும், தரம் பிரிப்பதும், உதிர்கிற தூளைச் சலித்துப் பீப்பாயில் அடைப்பதும் அவர்களுடைய வேலை. சீமையில் யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம் அது. உலோகம் உருக்குகிற மூசைகளுக்குக் காரீயம் இல்லாமல் முடியாதாம். ஆகவே இவர்கள் எவ்வளவு தேய்த்தாலும் துரைமாருக்குப் போதவில்லை.

கிட்டங்கிக்குச் சன்னல்கள் இல்லையென்று யாரும் குறை சொல்ல முடியாது. பெரிய பெரிய சன்னல்கள், கடற்காற்று நேரே வந்து விழக்கூடிய திசையில்தான் வைத்திருந்தார்கள். ஆனால் எல்லாம் சாத்தியே கிடக்கும். காற்று வந்தால் தூள் பறக்கும், தூள் பறந்தால் சரக்குக் குறையும் என்பது முதலாளியின் நியாயம். அவர் தூளைப் பற்றிக் கவலைப்பட்டார், அது வெளியே போகாமல் பார்த்துக்கொண்டார். அது வேறு எங்கே போகிறது என்பதைப் பற்றி அவர் யோசித்ததாகத் தெரியவில்லை. வேலை நேரத்தில் பெண்கள் கதைக்கவும் கூடாது. வாயைத் திறந்தால் தூள் போகும் என்று அதற்கும் ஒரு காரணம் வைத்திருந்தார்கள்; மூக்கை என்ன செய்வதென்று ஒருவரும் சொல்லவில்லை.

அதற்குப் பதிலாகத்தான் கருப்பட்டி கொடுத்தார்கள். தினமும் காலையில் கணக்கப்பிள்ளை இராஜநாயகம் வாசலில் ஒரு தகர டப்பாவோடு நிற்பார். உள்ளே போகிற ஒவ்வொருத்தியின் கையிலும் கித்துள் மரத்துக் கருப்பட்டியில் ஒரு துண்டு வைப்பார். கருப்பட்டி தொண்டையில் ஒட்டுகிற தூளையெல்லாம் வழித்துக்கொண்டு வயிற்றுக்குள் இறங்கிவிடும், வயிற்றுக்குப் போனது தானாக வெளியே போய்விடும், நெஞ்சுக்கு ஒன்றும் வராது என்பது அங்கே வேதவாக்கு. எவர் முதலில் சொன்னாரோ தெரியாது. முதலாளி நம்பினார், கணக்கப்பிள்ளை நம்பினார், தேய்க்கிற பெண்கள் எல்லாரையும்விட அதிகமாக நம்பினார்கள். இத்தனைக்கும் இராஜநாயகம் கருப்பட்டியை வாயில் வைத்ததே இல்லை. அவர் மூக்கைச் சுற்றி ஒரு வெள்ளை லேஞ்சியைக் கட்டிக்கொண்டு வெளி அறையில் இருப்பார்.

நேசம் அங்கே சேர்ந்தது அவளுடைய புருஷன் காய்ச்சலில் போன வருடம். மகள் பிலோமி அப்போதுதான் அரிவரி வகுப்பில் இருந்தாள். முதல் நாள் கையில் வைத்த கருப்பட்டியைப் பார்த்தவுடன் நேசத்துக்குத் தொண்டை ஞாபகம் வரவில்லை, பிள்ளை ஞாபகம்தான் வந்தது. தகப்பனை இழந்த பிள்ளை, பள்ளிக்கூடத்தால் வந்து வெறும் வீட்டுக்குள் குந்திக்கொண்டிருக்கும். கருப்பட்டியை வாயில் போடுவதுபோல் பாவனை செய்து சேலை முந்தானையில் முடிந்துகொண்டாள். அன்றைக்கு மட்டும் என்றுதான் நினைத்தாள். அடுத்த நாளும் கை அதையே செய்தது. பிறகு அது பழக்கமாகிப் போனது. யுத்தம் வந்து சீனியும் கூப்பனுக்குத்தான் என்று ஆனபின், அந்தத் துண்டு இன்னும் பெரிதாகத் தெரிந்தது. பிலோமி பின்னேரங்களில் சந்து முனையில் நின்று தாயைக் கண்டதும் ஓடிவருவாள். முகத்தைப் பார்க்கமாட்டாள், முந்தானையைத்தான் பார்ப்பாள், கள்ளி.

இருமல் ஒரு மாரியில் தொடங்கியது. தடிமல் என்று கொத்தமல்லி அவித்துக் குடித்தாள். மாரி போயும் இருமல் போகவில்லை. ஒரு நாள் காலையில் முற்றத்தில் துப்பியபோது அது பீங்கான் கோப்பைக்குள் மை கொட்டியதுபோல் கறுப்பாக இருந்தது. நேசம் காலால் மண்ணைத் தள்ளி மூடினாள்.

இந்த இடத்தில் நீங்களும் நானும் என்ன நினைப்போம்? சாத்திய சன்னல்களை நினைப்போம். முதலாளியைத் திட்டுவோம். நேசம் அப்படி நினைக்கவில்லை. கருப்பட்டி தின்கிறவர்களுக்கு ஒன்றும் வராது, எனக்கு வந்துவிட்டது, ஏனென்றால் நான் தின்னவில்லை. அவளுக்குக் கணக்கு அவ்வளவு நேராக இருந்தது. நெஞ்சு நோவதைவிட அந்த நினைப்புத்தான் அவளை அதிகமாக அரித்தது. மற்றவர்கள் இருமினால் அவளுக்குக் கேட்கவே இல்லை, தன் இருமல் மட்டும் ஊருக்கே கேட்பதுபோல் இருந்தது. சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு இருமினாள். சாப்பாடு இறங்கவில்லை, படுத்தால் நித்திரை சரியாக வரவில்லை. கணக்கப்பிள்ளையின் கண்ணை நேரே பார்க்க அவளால் முடியவில்லை. நல்ல மனதோடு தந்த மருந்தைக் கள்ளத்தனமாய்க் கொண்டுபோனவள் என்று தன்னைத்தானே ஏசிக்கொண்டாள்.

மனது கேட்காமல் ஒரு சனிக்கிழமை மாதா கோயிலுக்குப் போய்ப் பாவசங்கீர்த்தனத்தில் சொல்லியும்விட்டாள். உள்ளே இருந்த வெள்ளைக்காரச் சுவாமிக்குத் தமிழ் வரும், ஆனால் விஷயம் பிடிபடவில்லை.

“கருப்பட்டி களவெடுத்தாயா, மகளே?”

“இல்லை சுவாமி, எனக்குத் தந்ததுதான்.”

“பிறகு?”

“நான் தின்னாமல் பிள்ளைக்குக் குடுத்திட்டன்.”

தாய் தன் பிள்ளைக்கு இனிப்புக் கொடுப்பது எந்தக் கட்டளைக்கு விரோதமென்று பாவம் அந்த மனிதர் தேடியிருக்க வேண்டும். கடைசியில், எதற்கும் இருக்கட்டும் என்று மூன்று அருள் நிறைந்த மந்திரம் சொல்லச் சொல்லி அனுப்பிவிட்டார். இவ்வளவு பெரிய குற்றத்துக்கு மூன்றுதானா என்று நேசம் தானாகவே பத்து சொன்னாள். அதற்குப் பிறகு கிட்டங்கியில் தரும் துண்டை அவளே தின்னவும் தொடங்கினாள். இருமல் அசையவில்லை. பிந்திவிட்டது என்று முடிவு கட்டினாள்.

கை மெதுவானது. மற்றவர்கள் ஒரு கூடை தேய்த்து முடிக்கும்போது அவளுடைய கூடையில் பாதி இருக்கும். ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம் இராஜநாயகம் அவளை வெளி அறைக்குக் கூப்பிட்டார். அந்த மனிதர் கெட்டவரல்ல. குரலைத் தாழ்த்தித்தான் கதைத்தார்.

“நேசம், உன்னால இனி ஏலாது. முதலாளி வேற ஆளைப் போடச் சொல்லுறார். நான்தான் மறிச்சு வைச்சிருக்கிறன். திங்கட்கிழமை உன்ர மகளைக் கூட்டிக்கொண்டு வா. இடம் உங்கட வீட்டைவிட்டுப் போகாது.”

அந்தக் கிட்டங்கியின் வழக்கம் அது. தாய் இடத்தை விட்டு எழும்பினால் மகள், மகள் இல்லாவிட்டால் மருமகள். வெளியே வாசலில் இடத்துக்குக் காத்து நிற்கிறவர்கள் பலர் இருக்க, தனக்கென்று வைத்துத் தந்தாரே என்று நேசத்துக்குக் கண் கலங்கியது. வெள்ளவத்தையில் ஒரு வீட்டில் குசினிக்கு ஆள் தேடுகிறார்கள், நீ போகலாமே என்று பக்கத்து வீட்டுக்காரி சொல்லியிருந்தாள். அது மிகக் குறைந்த சம்பளம், தெரியாத இடம். இது தெரிந்த இடம். பிலோமிக்குப் பதின்மூன்று வயதாகிவிட்டது, படித்தது போதும். நான் செய்த பிழையை அவள் செய்யாமல் பார்த்துக்கொண்டால் அவளுக்கு ஒன்றும் வராது. அப்படித்தான் யோசித்தாள், அந்தத் தாய். இதை எழுதும்போது எனக்கு அவள் மேல் கோபம் வருகிறது. ஆனால் கோபப்பட வேண்டியது அவள் மேலல்ல என்பதும் தெரிகிறது.

அவள் சொன்னதைக் கேட்டுப் பிலோமி ஏன் எதற்கென்று ஒரு சொல் கேட்கவில்லை. தலையை ஆட்டிவிட்டுப் புத்தகங்களைத் துணியில் கட்டி மேலே தூக்கி வைத்தாள். தையலில் முதலாவதாக வருகிற பிள்ளை, கன்னியாஸ்திரிகள் அவளைத் தையல் ரீச்சராக்குவதாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அவள் அழுவாள் என்று எதிர்பார்த்த நேசத்துக்கு அந்த அமைதி ஒரு மாதிரியாக இருந்தது.

ஞாயிறு பூசை முடிந்ததும் நேசம் கிராண்ட்பாஸுக்கு நடந்தாள், பீபியைப் பார்க்க. கிட்டங்கியில் இத்தனை வருடமும் அவளுக்குப் பக்கத்தில் இருந்து தேய்த்தவள் பீபி. ஒரு கிழமையாக வேலைக்கு வரவில்லை. பீபி வேலைக்குத் திரும்பியதும் பிலோமியைத் தன் பக்கத்தில் இருத்தி, கருப்பட்டியை வாயில் போடுகிறாளா என்று கண்ணில் எண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்கும்படி கேட்கத்தான் போனாள்.

பீபியின் அறைக்கதவு திறந்தபடி இருந்தது. அவள் சுவரில் முதுகைச் சாய்த்து, இரண்டு கைகளையும் பாயில் ஊன்றிக்கொண்டு இருந்தாள். பக்கத்தில் ஒரு தகரப் பேணி, அதற்குள் சாம்பல் போட்டு வைத்திருந்தது. சாம்பலின் மேல் கிடந்ததை நேசம் பார்த்தாள். அந்தக் கறுப்பை அவளுக்குத் தெரியும்.

“வா புள்ள, இரி,” என்றாள் பீபி. ஒரு சொல்லுக்கும் அடுத்த சொல்லுக்கும் நடுவில் மூச்சைத் தேடினாள். “படுக்க ஏலா. படுத்தா மேல ஆரோ ஏறி இரிக்கிற மாதிரி ஈக்குது. இப்பிடியே சாஞ்சிதான் ஒறக்கம்.”

நேசத்துக்கு ஒரே ஒரு கேள்விதான் வந்தது. “பீபி, நீயும் தின்னுறேல்லையா?”

“என்னத்த?”

“கருப்பட்டிய.”

“நல்ல கேள்வி கேக்கிறாய். ஒரு நாள் உட்டதில்ல. நோம்பு காலத்திலயும் முடிஞ்சிக்கொண்டு வந்து, நோம்பு தொறக்கிய நேரம் பேரீச்சம்பழத்துக்குப் பொறகு அதத்தான் வாயில போடுவன்.” சிரிக்கப் பார்த்து, இருமி, பேணியை எடுத்தாள்.

நேசம் அந்த முதுகைத் தடவிக்கொண்டு இருந்தாள். உண்மையைச் சொன்னால், அவளுக்கு முதலில் வந்தது நிம்மதி. என் பிழையில்லை, என் பிழையில்லை என்று உள்ளே ஏதோ ஒன்று துள்ளியது. மூச்செடுக்க முடியாத ஒருத்தியின் முதுகில் கையை வைத்துக்கொண்டு சந்தோஷப்பட்டதற்காக அவள் பிறகு நெடுநாள் வெட்கப்பட்டாள். அந்த நிம்மதி போனதும் பயம் வந்தது. கிட்டங்கியை விட்டுப் போனவர்கள் ஒவ்வொருத்தியாக நினைவுக்கு வந்தார்கள். ஒருத்தி ஊருக்குப் போகிறேன் என்று வேலையை விட்டு நின்றாள், ஒருத்தியைத் தமையன் வந்து வத்தளைக்குக் கூட்டிப்போனான், ஒருத்தியைக் கேட்டபோது ஆஸ்பத்திரி என்றார்கள். எல்லாரும் இருமிக்கொண்டு போனவர்கள். எல்லாரும் தின்றவர்கள்.

“மகள் நாளைக்கி வாறாளாமே?” என்று பீபி கேட்டாள், கிட்டங்கியிலிருந்து யாரோ வந்து சொல்லியிருக்க வேண்டும். “என்ட எடத்துக்குப் பக்கத்தில இருக்கச் செல்லு.”

“இல்லை,” என்றாள் நேசம். “அவள் வரமாட்டாள்.”

வீட்டுக்கு வந்தபோது பிலோமி திங்கட்கிழமைக்கென்று பழைய சட்டையொன்றைத் தைத்துக்கொண்டிருந்தாள். நேசம் அதைப் பறித்து மூலையில் எறிந்தாள்.

“நீ போகத் தேவையில்லை. பள்ளிக்கூடம் போ.”

“நான் போகத்தான் வேணும் அம்மா.”

“ஏன்டி?”

பிள்ளை குனிந்தபடி இருந்தாள். அப்போதுதான் அழுகை வந்தது. “உங்கட கருப்பட்டியெல்லாம் நான்தானே தின்டன். அது இல்லாமத்தானே உங்களுக்கு வருத்தம் வந்தது. நீங்கள் நித்திரையில பிசத்தினதெல்லாம் கேட்டனான். நான் சின்னதில கேக்காம இருந்திருந்தா உங்களுக்கு ஒண்டும் வந்திராது.”

நேசம் பிள்ளைக்குப் பக்கத்தில் குந்தினாள். தான் சுமந்தது போதாதென்று இந்தக் குழந்தையும் அதையே சுமந்துகொண்டு, ஒரு வார்த்தை பேசாமல், புத்தகத்தைக் கட்டி வைத்துவிட்டுத் தண்டனைக்குத் தயாராக இருந்திருக்கிறாள். கிட்டங்கி தன் நெஞ்சைத் தின்றதை அவளால் தாங்க முடிந்தது. இதைத் தாங்க முடியவில்லை. பிள்ளையை இழுத்து மடியில் போட்டுக்கொண்டு, பதின்மூன்று வயதுப் பெண் மடியில் அடங்காததையும் பார்க்காமல், பீபியைப் பற்றிச் சொன்னாள். பேணியைப் பற்றியும் சொன்னாள். “உன்ர பிழையும் இல்லை, என்ர பிழையும் இல்லை,” என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். அவள் நம்புகிற வரைக்கும் விடவில்லை.

திங்கட்கிழமை அவள் பேசாமல் நேரே வெள்ளவத்தைக்கு, அந்தக் குசினி வேலைக்குப் போயிருக்கலாம். ஆனால் இத்தனை வருடம் வேலை செய்த இடத்தில் சொல்லாமல் நின்றுவிடுவது மரியாதையில்லை என்று நினைக்கிற சாதி அவள். பிலோமியைப் பள்ளிக்கூட வாசலில் விட்டுவிட்டுக் கிட்டங்கிக்குப் போனாள். பெண்கள் உள்ளே போய் உட்கார்ந்து தேய்க்கத் தொடங்கியிருந்தார்கள்.

“எங்க மகள்?” என்றார் இராஜநாயகம்.

“அவள் படிக்கட்டும் ஐயா. நானும் வேலையால நிக்கிறன். சொல்லிப்போட்டுப் போகத்தான் வந்தனான்.”

அவருக்கு உண்மையாகவே மனம் வருந்தியது. தன் உதவியை வேண்டாமென்று தட்டுகிறாளே என்றிருந்தது. லேஞ்சியை மூக்கிலிருந்து இறக்கிவிட்டு, “விசரி மாதிரிக் கதைக்காத,” என்றார். “நீ நிக்கிறது சரிதான். இன்னும் ஒரு மாரி இந்தத் தூளுக்குள்ள இருந்தியெண்டால் செத்துப்போவாய், அது எனக்குத் தெரியும். உன்னைக் காப்பாத்தத்தானே மகளை வரச் சொன்னனான்.”

நேசம் அவரைப் பார்த்தாள். இத்தனை மாதமும் நிமிர்ந்து பார்க்க முடியாமல் இருந்த அந்த முகத்தை நேரே பார்த்தாள்.

“தூளால எண்டு உங்களுக்குத் தெரியுமா ஐயா? தெரிஞ்சுகொண்டா என்ர பிள்ளையைக் கேட்டனீங்கள்?”

குரல் உயரவில்லை, ஆனால் உள்ளே கேட்டது. சாக்குத் துணி தேய்க்கிற சத்தம் ஒரு பக்கமாகக் குறைந்து, பிறகு முழுவதுமாக நின்றது. இராஜநாயகம் உள்ளே திரும்பிப் பார்த்தார். எல்லாரும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். லேஞ்சியை மறுபடி மேலே இழுக்கப் போன கை பாதியில் நின்றது.

“சொல்லுங்கோவன் ஐயா,” என்றாள் உள்ளே இருந்து ஒருத்தி.