பல்கேரியாவில் நான் சொன்ன பொய்

பென்னாகரம் பக்கத்தில் எங்களுக்குப் பட்டுப்புழு வளர்க்கும் கொட்டகை இருக்கிறது. முட்டை பொரிந்து வரும் புழுக்களை முதல் சில நாட்கள் வளர்த்துச் சுற்று ஊர் விவசாயிகளுக்குக் கொடுப்பது என் வேலை. புழு கட்டும் பட்டுக்கூட்டை அறுப்பதையும் தருமபுரி மார்க்கெட்டில் விற்பதையும் வீட்டுக்காரர் பார்த்துக்கொள்வார். நான் விலங்கியல் படித்தவள், திக்கித் திக்கி ஆங்கிலம் பேசுவேன். அதை வைத்து ஒரு பயிற்சித் திட்டத்தில் மூன்று வாரம் பல்கேரியாவுக்கு அனுப்பினார்கள். நாற்பத்தைந்து வயதில் நான் ஏறிய முதல் விமானம் அது.

நிதியாண்டு முடிவதற்குள் அனுப்பிவிட வேண்டும் என்று மார்ச் மாதத்தில் அனுப்பிவிட்டார்கள். அங்கே மல்பெரி துளிர்க்கவே ஏப்ரல் கடைசி ஆகுமாம். நான் போய் இறங்கியபோது ஆய்வு நிலையத்துத் தோட்டம் முழுக்க வெட்டிவிட்ட மொட்டை மரங்கள்தான். வேலி ஓரத்தில் அழுக்கான பனி இன்னும் கிடந்தது. இலை இல்லையென்றால் புழு இல்லை. முட்டைகள் குளிர்ப்பெட்டிக்குள் தூங்கிக்கொண்டிருந்தன. எனக்குக் காட்ட அவர்களிடம் பழைய படங்களும் காலித் தட்டுகளும்தான் இருந்தன.

ஆங்கிலம் தெரிந்தவள் அங்கே ஒரே ஒருத்தி, முப்பது வயதுள்ள ஆராய்ச்சியாளர். இரண்டாவது வாரம் அவளும் ஒரு கூட்டத்துக்காகத் தலைநகருக்குப் போய்விட்டாள். நான்கு நாள் விருந்தினர் அறையில் நான் மட்டும். மதியம் ஊருக்குப் போன் போடுவேன். அங்கே சாயங்காலம் நாலரை ஆகியிருக்கும், வீட்டுக்காரர் தழை வெட்டிக்கொண்டு நிற்பார்.

"சாப்டியா?"

"சாப்ட்டேங்க. ரொட்டிதான்."

"செரி, கூடு எறக்கணும், நாளைக்கு மார்க்கெட்டு. வெச்சிரட்டா?"

வைத்துவிடுவார். அவர்மேல் குற்றமில்லை. எனக்கும் சொல்ல எதுவும் இருந்ததில்லை.

பொழுது போகாமல் ஊருக்குள் நடப்பேன். கடைப் பலகை, பஸ் நிறுத்தம் எதிலும் ஓர் எழுத்துகூடப் புரியாது. ஒன்றே ஒன்று மட்டும் பார்த்தவுடன் புரிந்தது. வீட்டுக் கதவுகளிலும் மரங்களிலும் காகிதம் ஒட்டியிருந்தார்கள். மேலே கறுப்புச் சிலுவை, ஒரு முகத்தின் படம், கீழே நாலு வரி. தருமபுரி பஸ் ஸ்டாண்டு சுவரில் கண்ணீர் அஞ்சலி பார்த்துப் பழகியவளுக்கு யாரும் விளக்கத் தேவையில்லை. நம்மூரில் கலரில் அடிக்கிறோம், இங்கே கறுப்பு வெள்ளை, அவ்வளவுதான்.

ஆய்வு நிலையத்துத் தெருமுனையில் ஒரு பச்சைக் கதவில் இருந்த படம் ஒரு பெண்மணியுடையது. எழுபது வயதிருக்கும். படம் எடுக்கிறவர் ஏதோ சொல்லி, அதற்குச் சிரிப்பை அடக்குகிற முகம். போகும்போதும் வரும்போதும் அங்கே கொஞ்சம் நிற்பேன். அந்த ஊரில் எனக்குத் தெரிந்த முகம் என்று அது ஒன்றுதான் இருந்தது.

மூன்றாம் நாள் கதவு திறந்தது. உயரமான கிழவர், கம்பளிச் சட்டையில் பொத்தான் மாற்றிப் போட்டிருந்தார். படத்தைக் காட்டினார், என்னைக் காட்டினார், ஏதோ கேட்டார். தெரியுமா என்று கேட்கிறார் என நினைத்து, தெரியாது என்று தலையை இடவலமாக ஆட்டினேன். அவர் முகம் மலர்ந்தது. கையைப் பிடிக்காத குறையாக உள்ளே கூப்பிட்டார்.

சமையலறையில் உட்கார வைத்து ஒரு கிண்ணத்தை முன்னால் வைத்தார். வேகவைத்த கோதுமையில் சர்க்கரையும் வால்நட்டும் போட்டது. பிறகு கண்ணாடியை மாட்டிக்கொண்டு, போனின் மொழிபெயர்ப்பில் என் மொழியை என்னையே தேர்ந்தெடுக்கச் சொல்லி, ஏதோ தட்டி என் பக்கம் நீட்டினார். கரடுமுரடான தமிழில் வந்தது: நீங்கள் அவளை எங்கே அறிந்தீர்கள்?

அப்போதுதான் உறைத்தது. இந்த நாட்டில் நாம் மாட்டேன் என்று தலையாட்டுவது அவர்களுக்கு ஆமாம். அந்த ஆராய்ச்சியாளர் பெண் முதல் நாளே சிரித்துக்கொண்டு சொல்லியிருந்தாள், நான்தான் மறந்துவிட்டேன்.

திருத்தியிருக்கலாம். போன் கையில் இருந்தது, ஒரு வரி போதும். ஆனால் பன்னிரண்டு நாளாக என் எதிரில் உட்கார்ந்து, சாப்பிடு என்று சொல்ல யாரும் இல்லை. அடுப்பின் சூடு முதுகில் பட்டது. இன்னும் அரைமணி நேரம் அங்கே இருக்க வேண்டும்போல இருந்தது. 'சந்தையில் பார்த்துப் பேசியிருக்கிறேன்' என்று எழுதிக் கொடுத்தேன்.

படித்துவிட்டு அவர் கண்ணாடியைக் கழற்றினார். சந்தையில் அவள் எல்லாரிடமும் பேசுவாள் என்று எழுதிக் காட்டினார். ஆல்பங்களை எடுத்து வந்தார். கடற்கரையில் அவள், தக்காளிச் செடிகளுக்கு நடுவில் அவள். நான் ஒவ்வொரு படத்தையும் தெரிந்தவள்போலப் பார்த்தேன். கிளம்பும்போது ஒரு பாட்டில் செர்ரி ஜாமைக் கையில் கொடுத்தார். மூடியில் நீல மையில் ஏதோ எழுதியிருந்தது. அவள் எழுத்து என்று விரலால் தொட்டுக் காட்டினார்.

கூட்டத்திலிருந்து திரும்பிய பெண்ணிடம் நடந்ததைச் சொன்னேன். அவள் தெருமுனைக்கு வந்து அந்தக் காகிதத்தைப் படித்தாள்.

"இது நாற்பதாம் நாளுக்கு ஒட்டியது. ஜனவரியில் இறந்திருக்கிறார். நீங்கள் வந்ததே இந்த மாதம்தானே?"

"ஆமாம்."

"விட்டுவிடுங்கள். இன்னும் ஒரு வாரத்தில் ஊருக்குப் போகப்போகிறீர்கள்."

விட முடியவில்லை. அறையில் அந்த ஜாம் பாட்டில் மேசைமேல் இருந்தது, திறக்கவும் மனமில்லை. மறுநாள் காலை அவளைக் கெஞ்சி அழைத்துக்கொண்டு போனேன். கிழவர் முற்றத்தில் திராட்சைக் கொடியை வெட்டிக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் உள்ளே வரச் சொன்னார். நான் வாசலிலேயே நின்றேன்.

"நான் உங்கள் மனைவியைப் பார்த்ததே இல்லை. தப்பாகத் தலையாட்டினேன். அதற்குப் பிறகு சொன்னது பொய். தனியாக இருந்தேன், அதனால் சொல்லிவிட்டேன். மன்னித்துக்கொள்ளுங்கள்."

அவள் அதை அவர் மொழியில் சொன்னாள். அவர் கத்தரிக்கோலை மூடினார். கொடியைப் பார்த்தபடி பேசினார். நெடுநேரம் பேசினார், நடுவில் ஒருமுறை நிறுத்தி மூக்கைத் துடைத்துக்கொண்டார். முடிந்ததும் அவளைப் பார்த்தேன்.

"பரவாயில்லை என்கிறார்," என்றாள்.

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்." அவள் கண் கலங்கியிருந்தது.

கிழவர் என்னிடம் கை நீட்டினார். மண் ஒட்டிய, சில்லென்ற கை. அதன் பிறகு உள்ளே கூப்பிடவில்லை, வெட்டிய கொடிகளைக் குனிந்து பொறுக்க ஆரம்பித்துவிட்டார். திரும்பி நடக்கும்போது அவள் கூட்டத்தைப் பற்றிப் பேசினாள். அவர் சொன்னதை முழுதாகச் சொல் என்று நான் கேட்டிருக்கலாம். கேட்கத் தைரியம் வரவில்லை.

பெங்களூரில் இறங்கி, ரயிலில் தருமபுரி வந்து சேர்ந்தேன். வீட்டுக்காரர் ஸ்டேஷனுக்கு வந்து பெட்டியை வாங்கிக்கொண்டார்.

"எப்பிடி இருந்துச்சு அந்த ஊரு?"

"குளுருங்க."

"இங்க வெயிலு கொளுத்துது. போன தடவ விட்ட புழுவுல பாதிக்குப் பால்நோவு வந்துருச்சு. வூட்டுக்குப் போனதும் நீ வந்து பாக்கணும்."

பஸ்ஸில் ஜன்னலோரம் எனக்கு விட்டுக்கொடுத்து, எந்தத் தட்டில் முதலில் நோவு வந்தது, புழு வாங்கிய விவசாயிகளில் யார் யார் வந்து சத்தம் போட்டார்கள் என்று பென்னாகரம் வரைக்கும் சொல்லிக்கொண்டே வந்தார். நானும் கேட்டுக்கொண்டே வந்தேன்.