ஷாம்பெயினில் வந்த ஆப்பிள் வாசனை

கொரோனாவுக்குப் பிறகு எனக்கு வாசனையும் ருசியும் போய்விட்டன. காஞ்சிபுரத்தில் மெஸ் நடத்தும் நான், குழம்பை ருசி பார்க்கக்கூட என் கணவரைத்தான் கூப்பிடுவேன்.

பிரான்ஸில் வாழ்க்கைப்பட்ட தங்கை ஊருக்கு வந்தபோது, தன் கல்யாண வருடத்தில் விளைந்த திராட்சையில் செய்த ஷாம்பெயினைத் திறந்தாள்.

"எனக்கு எதுக்குடி? தண்ணியும் இதுவும் ஒண்ணாத்தான் இருக்கும்."

"ஒரு வாய் குடிச்சுப் பாருக்கா."

கண்ணாடி டம்ளரில், வெளிர் பொன்னிறத்துக்குள் பொடிப்பொடியாகக் குமிழ்கள் ஏறிக்கொண்டே இருந்தன. குடித்ததும் நாக்கு சுருக்கென்றது. எங்கிருந்தோ பச்சை ஆப்பிள் வந்தது. அதன் பின்னாலேயே, அப்போதுதான் வெந்த பன்னின் மணம். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது.

"பன் வாசனை வருதுடி!"

"நெஜமாவாக்கா?" என்று தங்கை அழுதுவிட்டாள்.

மற்ற வாசனைகள் மெல்லத்தான் திரும்பின. இப்போதெல்லாம் வெறும் மோரைக்கூட உடனே விழுங்க எனக்கு மனம் வருவதில்லை.